ஒரு மதிப்பெண் குறைவு

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும். உங்கள் காகிதங்கள் பறக்கின்றன, நீங்களும் பேச்சுக்கு நடுவே கையை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். என் கையெழுத்துக்காக நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். நல்ல நடை, பிழையும் அதிகம் இல்லை. என் தங்கை படிக்கட்டில் விழுந்து இறந்ததற்கு 'உடனிருந்த அண்ணனின் கவனக்குறைவு' காரணம் என்று ஓரிடத்தில் வருகிறது. என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. இருப்பினும் அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்தவர் வேலையை எடைபோட்டே சோறு தின்றவன் நான். ஒரு வேலையைச் சரியாகப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு சொல் எழுதிவிடுவது எங்கள் தொழிலில் பெரிய பாவம்.

கம்ப்யூட்டர் கேம்களை விமர்சிப்பது என் தொழில். பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் என்னுடையது. இரண்டு வகை ஆட்டங்களைப் பற்றித்தான் எழுதுவேன். படை திரட்டி ஊர் பிடிக்கும் ஸ்ட்ராட்டஜி ஒன்று. வேறொருவராக மாறி அவர் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கும் ரோல் பிளேயிங் இன்னொன்று. சுட்டுத் தள்ளுவது, கார் ஓட்டுவது போன்ற குழந்தை விளையாட்டெல்லாம் என் பக்கத்துக்கு வராது. நான் பாராட்டியதை மக்கள் வாங்குவார்கள். நான் கைகழுவியது கடையில் தூசி படிந்து கிடக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆடத் தெரியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் மனதுக்குள் சொல்வது கேட்கிறது, பரவாயில்லை. திரை நகர்ந்தால் எனக்குத் தலை சுற்றும். உள்ளங்கை வியர்க்கும். கோட்டை வாசலைக் கண்டால் முழுப் படையையும் கொண்டுபோய் அதிலேயே முட்டித் தோற்றுவிடுவேன். ஆடியதெல்லாம் என் தங்கைதான்.

சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே பலம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருப்பாள். கையிலும் மூளையிலும் இரண்டு ஆள் பலம் உண்டு. அவளுக்கு வைத்த பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. நான் ராஜா, அவள் மந்திரி. அம்மா இருந்தவரை அப்படித்தான் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அம்மா போன பிறகு மூன்றாவது மாடி வீட்டில் ராஜாவும் மந்திரியும் மட்டும்தான்.

வேலை இப்படி நடக்கும். பகலெல்லாம் அவள் ஆடுவாள். சாப்பிடும்போது நடந்ததைக் கதையாகச் சொல்வாள். எந்த நகரம் ஏன் விழுந்தது, எந்தக் கூட்டாளி எந்த இடத்தில் முகம் திருப்பினான், எழுதியவர் எங்கே சோம்பல்பட்டார், எல்லாம் வரும். நான் கேட்டு எழுதுவேன். முடித்ததும் அவளே மதிப்பெண் சொல்வாள். பத்துக்கு எட்டு என்பாள். நான் ஏழு போடுவேன்.

"ஏண்ணா எப்பப் பாரு ஒண்ணைப் புடுங்கிடறே?"

"ஒண்ணைக் குறைச்சாதான், மந்திரி, படிக்கிறவன் நம்மள மதிப்பான்."

அவள் சிரிப்பாள். பக்கத்தின் மேலே என் பெயர் மட்டும் இருப்பதைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஸ்ட்ராட்டஜி ஆட்டங்களைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பெரும்பாலான ஆட்டங்கள் போரை நன்றாகச் செய்கின்றன, முற்றுகையைச் செய்யத் தெரிவதில்லை. போர் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். ஒரு கோட்டையைச் சுற்றி உட்கார்ந்து, முதலில் தண்ணீரை நிறுத்தி, பிறகு பாதையை அடைத்து, பிறகு உள்ளே போகும் செய்திகளைக் கெடுத்து, உள்ளே இருப்பவர் தாமாகவே கதவைத் திறக்கும்வரை காத்திருப்பதில்தான் கலை இருக்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை ஒரு கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்தேன். மந்திரி அதைப் படித்துவிட்டு, "வாசலைக் கண்டா முட்டற ஆளு எழுதின கட்டுரையா இது?" என்று கேட்டாள். அவளுக்குக் கிண்டல் அதிகம்.

வம்பு ஒரு ரோல் பிளேயிங் ஆட்டத்தில் தொடங்கியது. பனிப் பிரதேசத்தில் ஒரு கூட்டம் பயணம் போகிறது. அதில் கால் ஒடிந்த வீரன் ஒருவன் முகாமிலேயே தங்க வேண்டியிருக்கிறது. ஆடுகிறவர்கள் எல்லோரும் அவனை விட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள், ஆட்டம் அங்கேதானே இருக்கிறது. மந்திரி போகவில்லை. பனிக்காலம் முழுக்க அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பனி விலகும்போது அவன் எழுந்து நடக்கும் காட்சி ஒன்று வந்தது. அப்போது அவன் சொல்வதாக அவள் சொன்னதை அப்படியே விமர்சனத்தில் எழுதினேன்: 'நீ எனக்காக உட்கார்ந்திருந்தாய். நான் உனக்காக எழுந்திருக்கிறேன்.' இந்த ஒரு வசனத்துக்காகவே வாங்கலாம் என்றும் சேர்த்தேன்.

அந்த ஆட்டத்துக்கு வசனம் எழுதியவர் வேறு ஊர்க்காரர். அவர் பத்திரிகையில் எங்கள் வீட்டு எண்ணை வாங்கிக் கூப்பிட்டார். நான் வெளியே போயிருந்தேன், மந்திரி எடுத்தாள். அந்தக் காட்சியில் வீரன் வாயே திறக்க மாட்டான் என்று அவர் சொன்னாராம். அப்படி ஒரு வசனத்தை அவர் எழுதவே இல்லையாம், எழுதியிருக்க வேண்டுமே என்று இப்போது தூக்கம் வரவில்லையாம்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"நான்தாண்ணா சேர்த்துச் சொன்னேன். அத்தனை நாள் கூட உட்கார்ந்தேன், அவன் பாட்டுக்கு ஒண்ணும் சொல்லாம எழுந்து போறான். எனக்குப் பொறுக்கல."

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான்தான் ஆடறேன்னும் சொல்லிட்டேன். கோவிச்சுக்காதே. அடுத்த ஆட்டத்துக்கு வசனம் எழுத என்னை வரச் சொல்றாரு. தரையோட ஒட்டின வீடு தர்றாங்களாம், படியே கிடையாதாம்."

நான் கோபிக்கவில்லை. அவளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் போய்விட்டால் அடுத்த வாரப் பக்கத்தில் நான் எதை எழுதுவேன்?

ரோல் பிளேயிங் ஆட்டங்களில் ஒரு பழைய ஏமாற்று உண்டு. உங்களுக்கு மூன்று பதில்களைக் காட்டுவார்கள். எதைத் தொட்டாலும் கதை ஒரே கிணற்றில் போய் விழும். இதை நான் பலமுறை கண்டித்து எழுதியிருக்கிறேன். இருப்பினும் அன்று அவளுக்கு நானும் மூன்று பதில்களை வைத்தேன். உடம்பைக் காரணம் காட்டி மறுத்துவிடலாம். ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லலாம். வீட்டில் இருந்தபடியே எழுதி, என் மூலமாக அனுப்பலாம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு நான்காவதாக ஒன்றைச் சொன்னாள்.

"நான் போறேண்ணா."

அதன்பிறகுதான் முற்றுகையைத் தொடங்கினேன்.

முதலில் தண்ணீர். கை கால் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வீட்டுக்கு வருவார். மந்திரிக்கு வெளியுலகம் என்று இருந்தது அவர்தான். தங்கைக்கு இனி பயிற்சி வேண்டாமாம் என்று அவரிடம் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வேறு பெரிய இடம் கிடைத்துவிட்டதாம், உன்னிடம் சொல்லக்கூட நேரமில்லையாம் என்று தங்கையிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒன்றும் பேசவில்லை. மனிதர்கள் கைவிடப்படுவதை எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறார்கள் என்பது எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது பாதை. எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் ஒரு பல் டாக்டர். இரண்டாவது மாடி பூட்டியே கிடக்கிறது. லிஃப்ட் உண்மையில் தேவைப்படுவது எங்களுக்கு மட்டும்தான், அதன் பராமரிப்பும் என் பொறுப்பு. அது ஒருநாள் நிஜமாகவே நின்றது. மெக்கானிக் வந்து அன்று மாலையே சரிசெய்தார்.

"சார், சரி பண்ணியாச்சு. ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கங்க."

"இருக்கட்டும். பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கு. அதுவரைக்கும் நிறுத்தியே வைக்கிறேன்."

அவர் இதை உங்களிடம் சொல்லியிருப்பார், நீங்கள்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்டின் சுவிட்ச் மொட்டை மாடி அறையில் இருக்கிறது. அந்த அறையின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது, இதோ. பாகம் வர வேண்டும், கப்பலில் வருகிறது என்று மந்திரியிடம் சொல்லிவைத்தேன். "கப்பலா, நீச்சலா?" என்று ஒருநாள் கேட்டாள்.

மூன்றாவதாகச் செய்திகள். எனக்குப் பெருமையான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தொலைபேசி இணைப்பைத் துண்டித்தேன். அவளுடைய மின்னஞ்சல் நான் திறந்துகொடுத்தது, கடவுச்சொல் எனக்குத் தெரியும். வசனகர்த்தா எழுதுவது அவளுக்கு வராமல் தடுத்து, அவர் பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரி ஒன்றைத் திறந்தேன். அன்றிலிருந்து அவருக்கு நான் மந்திரி, மந்திரிக்கு நான் அவர். ஒரு பாத்திரத்தைக்கூட ஒழுங்காக ஆடத் தெரியாதவன் என்று கேலி பேசப்பட்ட நான், ஒரே நேரத்தில் இரண்டு பாத்திரங்களை ஆடினேன்.

அவருக்கு எழுதும்போது சோர்வாக எழுதினேன். பேசினால் மூச்சு வாங்குகிறது, தயவுசெய்து கூப்பிடாதீர்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று. அவர் நல்ல மனிதர். நாங்கள் காத்திருக்கிறோம், நாற்காலி உங்களுக்காகக் காலியாக இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். பிறகு குறைந்தது.

அவளுக்கு எழுதும்போது முதலில் தேனாக எழுதினேன். மாதிரிக்குச் சில காட்சிகளை எழுதி அனுப்பச் சொன்னேன். பாவம், எத்தனை ஆசையாக எழுதினாள். ஆட்டத்தையே விட்டுவிட்டு எழுதினாள். என் பக்கத்துக்கு அந்த வாரங்களில் பழைய சரக்கைப் போட்டுச் சமாளித்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறை சொன்னேன். பெரிய அடியாக அடித்தால் ஆள் சுதாரித்துவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஒரு கடிதத்தில் இப்படி எழுதினேன்: 'உழைப்பு தெரிகிறது. இருப்பினும் உங்கள் பாத்திரங்கள் எல்லோரும் உட்கார்ந்தே பேசுகிறார்கள். நடக்கிற மனிதர்களை நீங்கள் பார்த்து எத்தனை நாளாயிற்று?'

அன்று சாப்பிடும்போது அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணா, நான் எழுதறவங்க எல்லாரும் உட்கார்ந்தே இருக்காங்களா?"

"அவரு பெரிய ஆளு, மந்திரி. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனாள். முற்றுகை வேலை செய்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அவள் கதவைத் திறக்கவில்லை. 'நான் வரவில்லை' என்ற ஒரு வரி, அதை மட்டும் அவள் எழுத மறுத்தாள். எத்தனை குறை சொன்னாலும் திருத்தி அனுப்பினாள். கைப் பயிற்சியைத் தானாகவே செய்ய ஆரம்பித்தாள். சலிப்பாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் மிச்சமிருக்கும் குட்டி ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கவைக்கிற ஆட்டங்களை நான் எப்போதுமே மன்னித்ததில்லை.

அதனால் கடைசிக் கடிதத்தை எழுதினேன். 'உங்கள் ஊருக்கு வருகிறேன். எனக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது. உங்கள் கட்டடத்தின் கீழே காத்திருப்பேன். மூன்று மாடி இறங்கி வர முடியாதவர் வேறு ஊருக்கு எப்படி வருவார் என்று எங்கள் அலுவலகத்தில் கேட்கிறார்கள். வராவிட்டால் அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்வேன்.' பல் டாக்டரின் விடுமுறை நாளாகப் பார்த்துத் தேதி போட்டேன். அவள் படிக்கட்டைப் பார்ப்பாள், அழுவாள், நான் தேற்றுவேன், அதோடு முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

அன்று மதியம் அவள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"லிஃப்ட் ஓடுதான்னு ஒரு தடவை பாருண்ணா."

நான் பொத்தானை அழுத்திக் காட்டினேன். விளக்கு எரியவில்லை.

"அப்போ தூக்கிட்டுப் போறியா?"

முதுகு பிடித்திருக்கிறது என்றேன்.

"சரி" என்றாள். நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினாள். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே முதல் படியில் இறங்கினாள். பிறகு அடுத்தது. கால்கள் அவளுக்கு முன்னால் ஒவ்வொரு படியாக விழுந்தன. நல்ல சட்டை அழுக்கானது. நான் இரண்டு படி விட்டு அவள் பின்னால் இறங்கினேன். அவள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பூட்டிய இரண்டாவது மாடியைத் தாண்டினாள். முதல் மாடியில் டாக்டரின் கதவுக்கு முன்னால் சற்று நின்று மூச்சு வாங்கினாள். அங்கேதான் பேசினாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"கீழே யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும்ணா."

நான் இன்னும் ஒரு படி இறங்கினேன்.

"மூணாவது கடிதத்துலயே தெரிஞ்சுபோச்சு. எந்த மனுஷன் கடிதத்துல இருப்பினும்னு எழுதுவான்? நீயா நிறுத்துவேன்னு பாத்தேன். சாப்பிடறப்போ கேட்டேனே, அப்பக்கூட நிறுத்திடுவேன்னு நினைச்சேன்."

"அப்புறம் ஏன் இறங்கறே?"

"அவருக்காக இல்ல. இந்த வீட்டை விட்டு இறங்கறேன். தெருவுல ஒரு வண்டி கிடைக்காமலா போகும்?"

கடைசிப் படிவரிசை மட்டும்தான் மிச்சம். கீழே தெருவின் வெளிச்சம் தெரிந்தது. அவள் கைகளை ஊன்றி நகர்ந்து அதன் விளிம்புக்கு வந்தாள். இறங்கிவிடுவாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அவள் முதுகில் என் பாதத்தை வைத்தேன். உதைக்கவில்லை, அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தள்ளினேன்.

பிறகு மேலே ஏறிப்போய் மொட்டை மாடி அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். திரும்பவும் அத்தனை படி இறங்க எனக்கு மூச்சு வாங்கும். லிஃப்டில் இறங்கினேன். கீழே கதவு திறந்தபோது அவள் அதற்கு நேர் எதிரில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. லிஃப்டின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது" என்றேன்.

அதன்பிறகு அவள் பேசவில்லை. ஆம்புலன்ஸுக்கு உடனே போன் செய்தீர்களா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். செய்யவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து, மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற பிறகு செய்தேன்.

என்னைக் கெட்டவன் என்று நீங்கள் நினைக்கலாம். அவளுக்கு என்னைவிட வேண்டியவர் யாரும் கிடையாது. அந்த ஊரில் அவளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? போன வாரம் அவளுடைய கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பனி ஆட்டத்தை நானே ஆடிப் பார்த்தேன். முதல் வாசலையே தாண்ட முடியவில்லை. அப்போதுதான் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டாளே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். யார் துணையும் இல்லாமல் நான் தனியாக ஆடி முடித்த ஒரே ஆட்டம் அது. கவனத்துக்கு முழு மதிப்பெண் போடுங்கள். கடைசிப் படியில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், அதற்கு வேண்டுமானால் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.